அந்தப் பெரியவர் நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பயணக் குறிப்புகளைப் படித்தேன். ஆறாவது குறிப்பு இது: "பக்கத்து சீட் பெரியவர் பேச்சுக் கொடுத்தால் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு ஓட வேண்டும் என்று அவசியமில்லை." வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சரி, ஒரு வாசகியையாவது மகிழ்வித்திருக்கிறீர்கள்.

வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கியது உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த வருடத்திலிருந்து நான் அதில் மதுரைக்கும் எழும்பூருக்கும் போய் வருகிறவன். மீட்டர் கேஜ் காலத்தில் கொடைரோடு வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர் எதற்காகச் சென்னை போகிறார் என்பது தெரிந்துவிடும். திண்டுக்கல் தாண்டினால் புளியோதரைப் பொட்டலம் பிரியும். என் தங்கைக்கு வரன் அமைந்ததே அரியலூருக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

எல்லாப் பேச்சும் நல்ல பேச்சு என்று நான் சொல்ல வரவில்லை. "எந்த ஊர்?" என்று கேட்டவர் அடுத்து "ஊருக்குள்ளே எந்தத் தெரு?" என்று கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான், இப்போது கேட்பதில்லை. தனியாக வரும் பெண்ணிடம் வேலை எங்கே, தங்குவது எங்கே என்று துருவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஹெட்போன் போதாது, ரயில்வே போலீஸ்தான் சரி. முன்பின் தெரியாதவர் தரும் பிஸ்கட்டை வாங்காதீர்கள் என்று ரயில்வேயே சொல்கிறது, அதுவும் சரி. ஆனால் "எதுவரைக்கும் போறீங்க தம்பி?" என்பதில் யாரும் மயக்க மருந்து கலப்பதில்லை.

போன மாதம் பக்கத்தில் ஒரு இளைஞர். ஏறியது முதல் காதில் ஹெட்போன், கண்ணில் தூக்கம். உங்கள் ஆறாவது குறிப்பு வருவதற்கு முன்பே அதை மதித்து நான் வாய் திறக்கவில்லை. விழுப்புரம் நெருங்கும்போது விழித்துக்கொண்டு, "அங்கிள், விருத்தாசலம் எப்ப வரும்?" என்றார். அன்று எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். கேட்டிருந்தால் எழுப்பியிருப்பேன். அவரே பரவாயில்லை. முன் சீட்டில் இருந்தவர் ஹெட்போன்கூட இல்லாமல் திருச்சியிலிருந்து செங்கல்பட்டு வரை ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிட்டார். உங்கள் பத்துக் குறிப்புகளில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லையே, ஏன்?

பெரியவர்கள் என்றால் எல்லோருக்கும் இளப்பம்தான். ஆண்களுக்கு 60 வயதிலும் பெண்களுக்கு 58 வயதிலும் கிடைத்துவந்த ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போனது, சலுகை வரவில்லை. எனக்கு 40 சதவீதம், என் மனைவிக்கு 50 சதவீதம் போயிற்று. இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் வெளியாகவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும். ஹெட்போன் குறிப்புக்கு மட்டும் அரைப் பக்கத்துக்குப் படம் போட இடம் இருந்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றித்தான் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அந்தப் பெரியவரை வரையும்போது மடியில் இருக்கும் வெற்றிலைப் பெட்டியை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் வெற்றிலை போடுவதில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மதுரை.