ஏணி வீட்டில் சொன்னேன்

அடி மத்தளக்காரி,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நம் ஏணியை, அதான் என்னிடம் பாட்டுக் கற்கிறானே அந்தப் பையனை, கூட்டிக்கொண்டு அவன் அம்மாவும் அப்பாவும் நேற்று வந்தார்கள். "அரங்கேற்றத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?" என்றார் அப்பா. "இன்னும் கொஞ்சம் சாதகம் பண்ணட்டும்" என்று வழக்கம்போல வாய்வரை வந்துவிட்டது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் உறைத்தது: நாலு வருஷமாக நான் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தால் அவன் வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருக்கிறான்.

அவனை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் ராகம் மாயாமாளவகௌளை. அதில் ரிஷபம் (ரி) ஷட்ஜத்தை (ஸ) ஒட்டி நிற்கும், அங்கிருந்து காந்தாரத்துக்கு (க) ஒரே தாண்டல். இவனோ ரிஷபத்தை மேலே தூக்கி, காந்தாரத்தை இறக்கி, சமமாகப் படி கட்டிவிடுவான். தம்புரா காதருகே ஒலித்தாலும் அதே கதைதான். ஆரம்பப் பாடங்களைத் தாண்டி வர்ணம் வரை இழுத்து வந்தும் மாறவில்லை. வேறு பிள்ளை சுருதி விலகினால் உடனே முகம் சுளிக்கிறான், ஆக, காது கேட்கிறது. அது தொண்டைக்குப் போய்ச் சேரவில்லை. தாளம் மட்டும் கல். மூன்று காலத்திலும் கை பிசகாது.

இதையெல்லாம் பாடியே காட்டினேன். "அவன் உழைப்பில் குறையில்லை. மேடைக் கணக்கு வைத்து அனுப்பாதீர்கள். ஆசைக்குப் பாடுவதென்றால் நான் இருக்கிறேன்" என்றேன்.

"முதல் வருஷமே சொல்லியிருக்கலாமே?" என்றார் அப்பா. முதல் வருஷத்தில் யாராலும் சொல்ல முடியாது, அது நிஜம். ஆனால் இரண்டாம் வருஷக் கடைசியில் எனக்குத் தெரியுமடி. சம்பளம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதையும் ஒப்புக்கொண்டேன். அவர் முகம் போன போக்கை எழுத வேண்டாம்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அவன் ஏமாற்றவில்லையா? தினமும் திட்டினேனே" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நானாவது பாட்டு வாத்தியார், கூலி வாங்கிப் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளை எதற்காகத் திட்டு வாங்கினான்?

'மிருதங்கத்தில் போடுங்கள்' என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். ஆறுதலுக்கு ஒரு வாத்தியத்தைக் கையில் கொடுத்தால் அது இன்னொரு பொய். தாளம் நிற்பதும் விரல் பேசுவதும் ஒன்றா, நீதான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை வகுப்புக்கு வருவானா தெரியவில்லை. வந்தால், அவனுக்கும் இஷ்டமென்றால், உன்னிடம் கூட்டி வருகிறேன். சரிப்படாது என்று பட்டால் பட்ட அன்றைக்கே சொல்லிவிடு. என் முகத்துக்காகப் பார்க்காதே.

இப்படிக்கு,
உன் பெருங்குரல்