நள்ளிரவில் நீ பார்த்த வெளிச்சம்

வாணியம்பாடி
16.1.2026

அன்பு மகளுக்கு,

பொங்கலன்று பேசியபோது, முந்தைய நள்ளிரவில் டொராண்டோவின் தெற்கு வானில் தாழ்வாக ஒரு வெளிச்சம் சிவப்பும் நீலமுமாக மின்னியதாகச் சொல்லி, அது வெள்ளியா என்று கேட்டாய். வெள்ளி இல்லை, அம்மா. சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாத வெள்ளி, மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோதான் தெரியும். இந்த மாதம் சூரிய ஒளியிலேயே மறைந்திருக்கிறது.

நீ பார்த்தது சிரியஸ் விண்மீன். ஓரியன் விண்மீன் குழுவின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களின் கோட்டை இடப்புறமாகக் கீழே நீட்டினால் அதனருகே போய்ச் சேரும். விண்மீன்கள் தொலைவினால் வெறும் புள்ளிகளாகத் தெரிவதால், அவற்றின் மெல்லிய ஒளியைக் காற்றின் அசைவு எளிதில் அலைக்கழித்து வண்ணங்களைச் சிதறடிக்கிறது. உங்கள் ஊரில் சிரியஸ் உச்சத்தில்கூட 30 பாகை உயரத்தை எட்டாததால் அதன் ஒளி கூடுதல் காற்றைக் கடந்து வருகிறது. நம் மாடியிலிருந்து பார்த்தால் அதே மீன் இருமடங்கு உயரத்தில் அமைதியாக நிற்கிறது. நீ கல்லூரியில் சேர்ந்த 2017இல் புறப்பட்ட ஒளியைத்தான் இப்போது இருவரும் பார்க்கிறோம் என்று எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

அன்று இன்னும் நன்றாக அண்ணாந்திருந்தால், மிதுனத்தில் சிரியஸைவிடப் பிரகாசமாக, நடுங்காமல் நின்ற வியாழனைக் கண்டிருப்பாய். கோள்கள் சிறு வட்டுகளாக இருப்பதால் அவ்வளவாக மின்னுவதில்லை.

மின்னுதல் பற்றி எழுதும்போது நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் நினைவுக்கு வருகிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடக்கவிருந்தபோது, அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தவர்கள், கோள் மறைக்காத வேளையிலும் அந்த மீன் மங்கி மீண்டதைப் பதிவுசெய்தார்கள். முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்திலிருந்து கவனித்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெளிவானது. பள்ளிச் சிறுவனாக நான் மலையடிவாரத்தில் உறங்கிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அந்த யுரேனஸ் இப்போது கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு ஏறத்தாழ 5 பாகை தெற்கே இருக்கிறது. அடுத்த வாரத் தொடக்கத்தில் நிலவு சீக்கிரம் மறைந்துவிடும். இரவு எட்டு மணிக்கு, தெருவிளக்கு இல்லாத இடத்தில், பைனாகுலரின் மேல் ஓரத்தில் கார்த்திகையை நிறுத்திக் கீழ் ஓரத்தில் நீலப்பச்சைப் புள்ளியைத் தேடு. காதுகளை நன்றாக மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா