மாத்திரை மேல் பழி இல்லை

கோபி
12.7.2025

அன்புள்ள செந்திலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

என் சர்க்கரை ரிப்போர்ட் பார்த்துவிட்டு, "மலிவு மாத்திரை வேண்டாம், பழசையே போடு"ன்னு சத்தம் போட்டாயே. கண்ணு, இது மட்டம் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ரெண்டிலும் ஒரே எழுத்துதான்: சிட்டாகிளிப்டின் 50, மெட்ஃபார்மின் 500. சிட்டாகிளிப்டினுக்கு இருந்த காப்புரிமை 2022-ல் முடிந்துவிட்டதாம். அப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று மருந்தகத்துப் பெண் சொன்னாள். பழைய அட்டை ஒன்றின் விலைக்கு இங்கே மூன்று அட்டை வருகிறது. டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். கலர் வேற, அவ்வளவுதான். காசுக்காக மாற்றவில்லை. நீயாக எதையும் நினைத்துக்கொள்ளாதே.

நீ வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பத்து மணிக்குமேல் சோறு வேண்டாம். நீயும் ஒருதரம் சர்க்கரை பார்த்துக்கொள், அப்பா கால் உனக்குத் தெரியாததா. முப்பத்தெட்டு வயசாச்சு, சும்மா இருக்காதே.

முன்னெல்லாம் பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் "மீட்டிங்மா"ன்னு வைத்துவிடுவாய். பொங்கலுக்கு அப்புறம் முதல் மணியிலேயே எடுக்கிறாய். பின்னாடி குக்கர் விசில் கேட்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நம்ம வளவிலேயே முதல் இன்ஜினியர் நீ, அதை எவனும் எடுத்துவிட முடியாது. ஆனால் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டாய்?

என்னிடம்தான்.

ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவு 8.9 என்று ஏறி வந்ததே, அது புது மாத்திரை செய்தது இல்லை, கண்ணு. ஏப்ரலில் இருந்தே காலையில் ஒன்று போட்டுக்கொண்டு ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டேன். அப்போது இருந்தது நீ சொல்லும் அந்தப் பழைய மாத்திரைதான். உன்னிடம் கேட்காமல் ஒரு அட்டையை இழுத்து இழுத்து ஓட்டினேன். புது மாத்திரைக்கு மாறி இருபது நாள்தான் ஆகியிருந்தது ரத்தம் எடுக்கும்போது. அந்த டெஸ்ட் மூன்று மாசத்துக் கணக்கைச் சொல்லுமாம். டாக்டர் கேட்டபோதும் ஒழுங்காகப் போடுகிறேன் என்றே சொன்னேன், உன்னிடம் புது மாத்திரை மேல் பழியைப் போட்டேன். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று அடித்து வளர்த்தவள் நான்.

நீ அன்றைக்குச் சாயங்காலமே ஐயாயிரம் அனுப்பிவிட்டாய். எங்கே புரட்டினாய்? அது அப்படியே பாங்கில் கிடக்கிறது, கவிதாவிடம் சொல்லி எடுத்துக்கொள்ளச் சொல். இப்போது ரெண்டு வேளையும் போடுகிறேன். டாக்டரிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அக்டோபரில் மறுபடி ரத்தம் எடுக்கணும்.

பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும் என்றால் என் வளையல் ரெண்டும் பீரோவில் சும்மாதான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

இந்தக் கடிதம் வந்த மறுநாள் பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன்.

அம்மா