மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவி அக்காவுக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். சுழற்சிக் கடனும் முன்பள்ளி வேலையும் போன வருடம் போலவே ஓடின, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் எங்கள் நேரத்தைத் தின்றது காடுதான், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பாலைப்பழக் காலத்தில் வந்த தகராறு ஊருக்கே தெரியும். வெளியிலிருந்து வந்தவர்கள் கொப்புகளை வெட்டிச் சாய்த்து வாளி வாளியாக ஆய்ந்துகொண்டு போய், திருகோணமலை வீதியோரத்தில் சுண்டுக் கணக்கில் விற்றார்கள். வெட்டினால் வேலை சுகம்தான், ஆனால் பாலை எவ்வளவு மெதுவாக வளரும் மரம் என்பது விறகுக்குப் போகிற எங்களுக்குத் தெரியும். கத்தியோடு காட்டுக்குள் போகக்கூடாது, கீழே சாக்கு விரித்துக் கொப்பை உலுக்கித்தான் பொறுக்க வேண்டும், மரத்தடியில் விழுந்து கிடக்கிற பழம் கரடிக்கு என்று நாங்களே ஒரு ஒழுங்கு போட்டோம். (கரடியோடு யார் போட்டி போடுவது?)

இதை ஊர்க் காட்டுக் குழுவுக்குக் கொண்டுபோனோம், எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தால் வரவு இடாப்பில் எங்கள் கையெழுத்து வரிசையாக இருக்கிறது, தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை. அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம், கையெழுத்துக்கு மட்டும் இனிப் போவதில்லை.

நேபாளத்தில் 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு உருவான இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பாவனையாளர் குழுக்களில், நிர்வாகத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 வழிகாட்டி சொல்கிறது என்று அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். "அது நேபாளம், தங்கச்சி" என்றார் ஓர் ஐயா. சரி, பக்கத்து இந்தியாவில் 2006 வன உரிமைச் சட்டம், கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்துத்தான் உரிமைப் பத்திரம் கொடுக்கச் சொல்கிறது என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்தார்.

சட்டத்தை விட நேரம்தான் பெரிய தடையாக இருந்தது. கூட்டம் பின்னேரம் ஆறரைக்கு, யானை றோட்டுக்கு இறங்குகிற நேரம், அடுப்பும் எரிகிற நேரம். ஞாயிறு மூன்று மணிக்கு மாற்றச் சொல்லி நான்கு கூட்டம் சண்டை பிடித்தோம், மாற்றினார்கள். அதன் பிறகு வந்த பெண்களும் கூட, பேச்சும் கூட.

காட்டின் எல்லையைப் பார்க்கக் குழுவோடு போனபோது நடந்ததையும் பதிய வேண்டும். வரைபடத்தில் போட்டிருந்த கோடு, வீரை மரத்தடியிலுள்ள மடுவை வெளியே விட்டிருந்தது. கோடை முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஒரே இடம் அது. எங்கள் பெரியம்மா ஒருத்தர் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முன்னால் நடந்து, காய்ந்த சேற்றிலிருந்த மான் குளம்படியைக் காட்டினார். கோட்டை அந்த இடத்திலேயே திருத்தினார்கள். வந்த ஆம்பிளைகளில் பலர் அந்த மடுவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள், அதையும் எழுதி வைக்கிறேன்.

குறையும் உண்டு. காட்டுக் குழுவின் உப தலைவி பதவி எங்களுக்குக் கிடைத்தது, வங்கிப் புத்தகம் கிடைக்கவில்லை. காசோலையில் ஒரு பெண்ணின் கையெழுத்து கட்டாயம் என்ற பிரேரணையை இன்றைக்கு இந்தச் சபையில் நிறைவேற்றி அனுப்ப வேண்டும், வழிமொழிய இருவர் தேவை. சந்தா பாக்கியுள்ளவர்கள் வாக்கெடுப்புக்கு முன்பே பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.

செயலாளர்