தாய்வழிக் கதைகளுக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரையிலும் மொன்றியலுக்கு அருகே கானவாகேயிலும் வாழும் ஹோடினோஷோனி (மோஹாக், செனெக்கா முதலிய ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பு) எழுத்தாளர்களின் இன்றைய சிறுகதைகள் சில தமிழில் ஒரு சிறு தொகுப்பாக வந்துவிட்டன. எழுதியவர்களின் பெயர்கள் நூலில் இருக்கின்றன. அதில் இடம்பெறாதவர்களுக்கு இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே அழைக்கிறேன்.

முதலில், கிராண்ட் ஆற்றங்கரை ஊரான ஓஸ்வேகனின் ஆன்ரி. அங்கே மூத்த பெண்களை ஊரே ஆன்ரி என்றுதான் கூப்பிடுகிறது, எங்கள் ஆட்களுக்கு இதில் என்ன கஷ்டம்! மரச்சாம்பல் கலந்த நீரில் வெந்த வெள்ளைச் சோளத்தைக் கூடையில் அலசித் தோல் கழற்றியபடியே, கதைகளில் யாருக்கு யார் என்ன முறை என்று சொல்லித் தந்தீர்கள். ஒரு கதையில் பாட்டிக்கு ஓட்டாவாவிலிருந்து கடிதம் வருகிறது. வெளியாளை மணந்ததால் அவள் இனிமேல் பதிவில் இல்லையாம். கதாசிரியர் அதற்குமேல் ஒரு வரி விளக்கவில்லை. தமிழ் வாசகருக்கு இது பிடிபடுமா என்று நான் யோசித்தபோது, உங்கள் தாயாருக்கு வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னீர்கள். கனடாவில் பூர்வகுடிகளை ஆளும் இந்தியர் சட்டம் 1985 வரை பெண்ணின் உரிமையைக் கணவனை வைத்தே அளந்தது. வெளியாளை மணந்த மோஹாக் பெண் பூர்வகுடிப் பதிவேட்டிலிருந்து நீங்குவாள். மோஹாக் ஆணை மணந்த வெள்ளைக்காரி அதில் ஏறுவாள். நீள்வீட்டில், அதாவது அவர்களின் மரபுவழிச் சமூகத்தில், கணக்கு நேர்மாறு: தாய் ஆமைக் குடி என்றால் பிள்ளையும் ஆமைக் குடி, தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும். கானவாகேயைச் சேர்ந்த மேரி டூ-ஆக்ஸ் எர்லி ஆண்டுக்கணக்காகப் போராடி, 1985 ஜூலையில், 73 வயதில், பறிபோன உரிமையைத் திரும்பப் பெற்ற முதல் பெண்ணானார். இதை அடிக்குறிப்பில் ஒளிக்காதே, முன்னுரையில் வை என்றவர் நீங்கள்தான். வைத்திருக்கிறேன்.

மெய்ப்புப் பார்த்த மட்டக்களப்பு ஆசிரியைக்கு அடுத்த நன்றி. தாய்வழிக் குடி பற்றியும், ஒரே குடிக்குள் மணமுடிப்பதில்லை என்பது பற்றியும் நான் எழுதிக் குவித்திருந்த விளக்கங்களைப் பார்த்துவிட்டு, "எங்கட ஊரிலயும் தாய்க்கு எந்தக் குடியோ பிள்ளைக்கும் அதுதானே, பிறகேன் இவ்வளவு?" என்று சிவப்பு மையால் கோடிழுத்தீர்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் உள்ள வாசகருக்காகக் கொஞ்சத்தையாவது காப்பாற்ற நான் உங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நூலகத்தில் பழைய பிரதி ஒன்றைத் தேடித் தந்தவரை மறக்க முடியாது. லூயிஸ் ஹென்றி மோர்கன் எழுதி, ஸ்மித்சோனியன் நிறுவனம் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வு அது. செனெக்கா உறவுமுறையும் தமிழ் உறவுமுறையும் அதில் பக்கம் பக்கமாக ஒப்பிடப்பட்டிருக்கின்றன. தாயின் சகோதரி இன்னொரு தாய்; அவள் பிள்ளைகள் நம் உடன்பிறப்புகள். அட்டவணை அருமை. இதை வைத்து அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்குச் சான்று கிடைத்துவிட்டதாக மோர்கன் எண்ணியதுதான் சரியில்லை. உறவுமுறை ஒத்துப்போவதற்கு ஒரே மூதாதை தேவையில்லை. "அப்போ அவர்களும் தமிழர்தானோ?" என்று கேட்டு எனக்கு உற்சாகமாகச் செய்தி அனுப்பும் அன்பர்களே, உங்கள் ஆர்வத்துக்கும் நன்றி, ஆனால் இல்லை. அவர்கள் மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா, டஸ்கரோரா. அது போதும்.

சீஃப்ஸ்வுட் வீட்டைச் சுற்றிக்காட்டிய இளைஞருக்கு நன்றி. கவிஞர் பாலின் ஜான்சன் 1861இல் பிறந்த வீடு அது. ஆற்றைப் பார்த்து ஒரு முகப்பு, சாலையைப் பார்த்து அதே மாதிரி இன்னொரு முகப்பு. தந்தை மோஹாக் தலைவர், தாய் இங்கிலாந்தில் பிறந்தவர். அரசின் கணக்கில் பாலின் மோஹாக். தாய்வழிக் கணக்கில் அவருக்குக் குடியே இல்லை. இன்றைய கதைகளில் பேரப்பிள்ளைகள் போடும் சண்டை பாதி அந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது என்று நீங்கள் சொன்னதை முன்னுரையில் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கானவாகேயிலிருந்து தொலைபேசியில் பேசிய பாலங்களும் உயர்ந்த கட்டடங்களும் கட்டி ஓய்வுபெற்ற இரும்புத் தொழிலாளி ஐயா, புரூக்ளினில் நடக்கும் கதையை வரி வரியாகத் திருத்தினார். அந்தக் காலத்தில் நால்வர் ஒரு குழுவாக நின்று எஃகுச் சட்டங்களை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடித்ததையும், வெள்ளி மாலை நியூயோர்க்கிலிருந்து வண்டி எடுத்தால் இரவெல்லாம் ஓட்டி ஊர் வந்து சேர்வதையும் பொறுமையாகச் சொன்னார். 1907இல் கியூபெக் பாலம் இடிந்து கானவாகே ஆண்கள் 33 பேர் இறந்ததைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

அட்டை வரைந்த தங்கை, தட்டச்சு செய்த தம்பிமார், பனியில் என்னை ஏற்றி இறக்கிய மருமகன், எல்லோருக்கும் நன்றி. அடுத்த முறை பெற்றோல் காசு தருகிறேன்.

கடைசியாக, தன் கதையைத் தர மறுத்த எழுத்தாளருக்கு. அதில் ஒரு மருத்துவ முகமூடி, அதாவது நோய் தீர்க்கும் சடங்குக்குரிய புனித முகமூடி, வருகிறது. அவை வெளியார் பார்வைக்கு உரியவை அல்ல என்பது நீள்வீட்டாரின் நிலைப்பாடு. ஆங்கிலத்திலேயே அதை வெளியிட்டிருக்கக் கூடாது என்று இப்போது நினைப்பதாக வெளிப்படையாக எழுதினீர்கள். கூடவே வேறொரு கதை அனுப்பினீர்கள்: பிங்கோ மண்டபத்தில் இரண்டு சகோதரிகள் தாயின் கூடை யாருக்கு என்று அடித்துக்கொள்ளும் கதை. முன்வாசிப்புச் செய்தவர்கள் எல்லோரும் முதலில் பேசியது அதைப் பற்றித்தான்.

நன்றியுடன்,
தொகுப்பாளர்
பிரான்ட்ஃபோர்ட், ஒன்ராறியோ