கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

முழு ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. கடலூர் வீடுகளில் பழைய மடிக்கணினிகளுக்கு இனி ஓய்வில்லை. மோட் எனும் கூடுதல் நிரல்கள் போட்ட மைன்கிராஃப்ட் விளையாட்டு திணறுகிறது என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். கடையில் விசாரித்தால், ‘இதுக்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டு வச்ச சிஸ்டம்தான் சார் வேணும்’ என்று பதில் வரும். 8 ஜி.பி. ராமும் (நினைவகம்) ஐ3 அல்லது ஐ5 செயலியும் உள்ள ஆறேழு வயது மடிக்கணினியைப் பொறுத்தவரை அந்தப் பதில் பெரும்பாலும் தவறு. பணத்தை எடுக்கும் முன் எங்கே அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

விளையாட்டு ஓடும்போது எஃப்3 விசையை அழுத்துங்கள். இடப்பக்கம் மேலே எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை படம்) எண்ணும், வலப்பக்கம் மேலே நினைவகக் கணக்கும் தெரியும். எஃப்.பி.எஸ். எப்போதும் 15, 20 என்றே கிடந்தால் சுமை கிராபிக்ஸ் பக்கம். எஃப்.பி.எஸ். 50 இருந்தும், உடைத்த கல் திரும்ப முளைக்கிறது, மாடு நின்ற இடத்திலிருந்து திடீரென்று நாலடி தாவுகிறது என்றால் செயலிக்கு மூச்சு முட்டுகிறது. உலகத்தின் கணக்கை அது நொடிக்கு 20 முறை, ஒவ்வொன்றும் 50 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். முடியாதபோது லாக் எனும் பதிவுக் கோப்பில் ‘காண்ட் கீப் அப்’ (ஈடுகொடுக்க முடியவில்லை) என்ற வரி விழும். அவ்வப்போது ஓரிரு நொடி அப்படியே உறைந்து மீண்டால் நினைவகம். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு பாதியாகக் குறைந்தால் சூடு.

நினைவகத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘ராமை அள்ளிக் கொடு, 10 ஜி.பி. கொடு’ என்று யூடியூபில் சொல்பவர் 32 ஜி.பி. கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நம் 8 ஜி.பி.யில் விண்டோஸே சுமார் 3 ஜி.பி.யை எடுத்துக்கொள்கிறது. தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் அதே ராமிலிருந்துதான் பங்கு கேட்கும். விளையாட்டை இயக்கும் ஜாவாவுக்கு நாம் எழுதித் தரும் எண் மேலெல்லை, ஆனால் முழுக் கணக்கு அதுவல்ல. அதற்கு வெளியேயும் விளையாட்டு ஒரு ஜி.பி.க்கு மேல் தின்னக்கூடும். 6 ஜி.பி. என்று எழுதினால் மிச்சமில்லாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை ராமாகப் பயன்படுத்தத் தொடங்கும், உறைதல் இன்னும் கூடும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்பது இதன் அடையாளம்.

விளையாட்டைத் தொடங்கும் லாஞ்சரில் இன்ஸ்டாலேஷன்ஸ், எடிட், மோர் ஆப்ஷன்ஸ் என்று போனால் ஜே.வி.எம். ஆர்கியுமென்ட்ஸ் என்ற பெட்டி இருக்கும். அதில் எக்ஸ்.எம்.எக்ஸ். (-Xmx) என்பதை அடுத்து வரும் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். 8 ஜி.பி. கணினிக்கு 4 போதும், பிரவுசரை மூடிவிட்டு. 4 ஜி.பி. கணினிக்கு 2-க்கு மேல் வேண்டாம். அதில் நூறு மோட் தொகுப்பு ஓடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு எஃப்3 திரையில் நினைவகச் சதவீதத்தைக் கவனியுங்கள். 40-லிருந்து 80 வரை ஏறித் தொபுக்கென்று இறங்கினால் அது பயன்படாத நினைவகத்தை ஜாவா காலிசெய்யும் குப்பை அள்ளும் வேலை, இயல்பானது. 90-க்கு மேலேயே நின்று இறங்க மறுத்தால் மட்டும் அரை ஜி.பி. கூட்டலாம். 32 பிட் ஜாவா இருந்தால் இந்தப் பேச்சே எடுபடாது. ஒன்றரை ஜி.பி. சுமாருக்கு மேல் அது வாங்காது, ‘ஆப்ஜெக்ட் ஹீப்’புக்கு இடமில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

செலவு செய்தே ஆக வேண்டுமானால் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்.எஸ்.டி., அடுத்து இரண்டாவது ராம் குச்சி. 8 ஜி.பி. ஒற்றைக் குச்சியாக இருப்பதைவிட இரண்டு 4 ஜி.பி. குச்சிகளாக இருந்தால், ராமைப் பகிர்ந்துகொள்ளும் கிராபிக்ஸுக்குப் பாதை இரட்டிப்பாகிறது. சி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளின் மெமரி பக்கத்தில் சிங்கிளா டூயலா என்று போட்டிருக்கும். டி.டி.ஆர்.3 என்ற பழைய வகை ராம் உள்ள மடிக்கணினிக்கு வாங்கினால் 1.35 வோல்ட் குச்சியா என்று கேட்டு வாங்குங்கள். நான்காம், ஐந்தாம் தலைமுறைச் செயலி உள்ளவற்றில் 1.5 வோல்ட் குச்சியைப் போட்டால் பெரும்பாலும் திரை கறுப்பாகவே கிடக்கும்.

சூட்டுக்கு வருவோம். கடலூரின் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் விசிறிக்குப் பின்னால் உள்ள தகடுகளில் தூசி மாவு மாதிரி அப்பிக்கொள்கிறது. கத்திரி வெயிலில், மெத்தை மேல் வைத்து விளையாடினால் கேட்கவே வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் செயலியின் வேகத்தைப் பாருங்கள்: 2.5 கிகாஹெர்ட்ஸ் இருந்தது ஒன்றுக்குக் கீழே விழுந்திருந்தால் சூடு தாங்காமல் அதுவே தன்னைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, விசிறி சுழலாதபடி பல்குச்சியால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். சுழலவிட்டு ஊதினால் பேரிங் போகும். செயலியின் மேல் காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை ஒரு துவரம்பருப்பு அளவு வைத்தால் போதும். அப்பி வைத்தால் சூடு கடத்துவது குறையும். எஃப்.பி.எஸ். உச்சவரம்பை 40 என்று வைத்தாலும் சூடு கணிசமாகத் தணியும்.

அமைப்புகளில் பெரிய எடை ரெண்டர் டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு தூரம் வரை காட்டுவது என்பது ஒன்றுதான். 16 வைத்தால் 33க்கு 33, அதாவது 1,089 சங்க் (நிலத்துண்டு). 8 வைத்தால் 289. 6 வைத்தால் 169. 1.18 பதிப்பில் உலகத்தின் உயரம் 256-லிருந்து 384 ஆனது, ஒவ்வொரு சங்க்கும் ஒன்றரை மடங்கு. ‘போன வருஷம் ஓடுச்சே’ என்பதற்குப் பதில் அதுதான். சிமுலேஷன் டிஸ்டன்ஸ் (மாடு, பயிர் எல்லாம் இயங்கும் தூரம்) 5, மேகம் வேண்டாம், கிராபிக்ஸ் ஃபாஸ்ட். கட்டைகளின் மேற்பரப்புப் படங்களை மாற்றும் 64 பிக்சல் டெக்ஸ்சர் பேக் வழக்கமான 16-ஐவிடப் பதினாறு மடங்கு, எடுத்துவிடுங்கள். ஒளியும் நிழலும் கூட்டும் ஷேடர் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சுமையைக் குறைக்கும் மோட்களும் உண்டு. மோட்களை ஏற்றித் தரும் ஃபேப்ரிக்கில் சோடியம் திரையையும், லித்தியம் உலகக் கணக்கையும், ஃபெரைட்கோர் நினைவகத்தையும் கவனிக்கும். அதேபோல் மோட் ஏற்றும் ஃபோர்ஜ் 1.20.1 என்றால் சோடியத்துக்குப் பதில் எம்பீடியம். சோடியத்தோடு அதே வேலை செய்யும் ஆப்டிஃபைனைச் சேர்த்தால் விளையாட்டு திறக்காது, ஒன்றை மட்டும் வையுங்கள். புது நிலத்துக்குள் ஓடும்போது மட்டும் திணறினால் சங்கி மோடில் ஆரம் 1000 என்று கொடுத்து இரவில் ஓடவிடுங்கள். சுமார் 16,000 சங்க் முன்கூட்டியே உருவாகிவிடும். பெரிய தொழிற்சாலை கட்டிய உலகமென்றால் பொருளை உள்ளே இழுக்கும் ஹாப்பர் கட்டைகளைப் பாருங்கள். மேலே எதுவும் இல்லாத ஹாப்பர் ஏதாவது விழுகிறதா என்று ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். மேலே கம்போஸ்டர் (உரத்தொட்டி) கட்டை ஒன்றை வைத்துவிட்டால் அந்தத் தேடல் நின்றுவிடும்.

எந்த மோட் கெடுக்கிறது என்று தெரியாவிட்டால் பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள், பிறகு மிச்சத்தில் பாதி. 120 மோட் இருந்தாலும் ஏழு சுற்றில் அகப்படும். ஒரு மோட் இன்னொன்றை நம்பி இருந்தால் இரண்டையும் ஒரே பக்கம் வையுங்கள். ஆனால் அதற்கு முன் உலகங்கள் சேமிக்கப்படும் சேவ்ஸ் கோப்புறையை நகலெடுத்து வைத்து, சோதனையைப் புது உலகத்தில் செய்யுங்கள். புது வகைக் கட்டைகளைச் சேர்த்த மோடை எடுத்துவிட்டுப் பழைய உலகத்தைத் திறந்தால் அந்தக் கட்டைகள் காணாமல் போகும், மோடைத் திரும்பப் போட்டாலும் வராது. பிள்ளை இரண்டு மாதம் கட்டியது ஒரு நிமிடத்தில் போய்விடும். வீடியோவுக்குக் கீழே தரும் இணைப்புகளிலிருந்து மோட் இறக்காதீர்கள். 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ் போன்ற பெயர்பெற்ற தளத்திலேயே ‘ஃப்ராக்சரைசர்’ என்ற தீநிரல் மோட்களுக்குள் நுழைந்திருந்தது.

விண்டோஸில் ஓடும் இன்டெல் எச்.டி. 3000 கிராபிக்ஸ் சிப் உள்ள இரண்டாம் தலைமுறைக் கணினிகள் விதிவிலக்கு. அந்தச் சிப் ஓபன்ஜி.எல். என்ற கிராபிக்ஸ் வசதியை 3.1 வரைதான் தரும், 1.17 முதல் விளையாட்டு 3.2 கேட்கிறது. 65543 என்ற எண்ணோடு பிழை காட்டித் திறக்கவே மறுக்கும், அதற்கு ராம் வாங்கிப் போடுவது வீண். ஜாவா 8-ஐ வைத்து 1.12.2 பதிப்பில் விளையாடலாம். லினக்ஸ் நிறுவினால் அதே சிப் 3.3 வரை தருகிறது.

கணினி பழுதுபார்ப்பவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.