கரித்தீட்டலில் ஒரு மரணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அனிமேஷன் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். மைக்கேல் டுடோக் டி விட் இயக்கி ஆஸ்கர் வென்ற ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ (2000) குறும்படத்தில் வசனமே கிடையாது. முகங்கள்கூடத் தெளிவாகத் தெரியாது. கரித்தீட்டலும் நீண்ட நிழல்களும்தான். படகேறிப் போன அப்பாவைத் தேடி மகள் வாழ்நாளெல்லாம் சைக்கிளில் கரைக்கு வருகிறாள். கிழவியானபின் ஒருநாள் சைக்கிளை நிறுத்துகிறாள், சாய்கிறது. தூக்கி நிறுத்தினால் மறுபடியும் சாய்கிறது. அப்படியே விட்டுவிட்டு, நீர் வற்றிப் புல் மண்டிய நிலத்தில் இறங்கி, அங்கே கிடக்கும் படகுக்குள் சுருண்டு படுக்கிறாள். கடவுளையோ சொர்க்கத்தையோ காட்டவில்லை. ஆனாலும் அப்பாவை இழந்த எனக்கு அது வழிபாடாகவே இருந்தது. இத்தகைய குறும்படங்களுக்கும் உங்கள் சினிமா பக்கத்தில் இடம் கொடுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்